கடன் வேறு, பெயர் வேறு

"கையெழுத்துப் போட்டது நீதானே? அப்ப நீதான் கட்டணும்."

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் வட்டாரத்தில் மணவிலக்கு வாங்கிய பெண்ணிடம் ஊரே சொல்கிற வாசகம் இது. வசூலுக்கு வருகிற பையன் சொல்கிறான். வங்கியில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சொல்கிறார். பெற்ற தாயும் சொல்கிறாள். இதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் வரும்: "சிபில் போச்சுன்னா என்ன, ஒழுங்கா டியூ கட்டிக்கிட்டு வந்தா தானா ஏறும்." முதல் வாசகம் பாதி உண்மை. இரண்டாவது வாசகம், இந்தப் பெண்களைப் பொறுத்தவரை, பெரும்பாலும் பொய். இரண்டையும் சேர்த்து அவர்கள் தலையில் ஏற்றுவது அநியாயம் என்பதுதான் என் கட்சி.

ஞாயிற்றுக்கிழமைகளில் சுங்குவார்சத்திரத்தில் நண்பர் ஒருவரின் ஜெராக்ஸ் கடையில் உட்காருவேன். பி.எஃப். பணம் எடுக்க, இ.எஸ்.ஐ. அட்டையில் பெயர் திருத்த, காண்ட்ராக்ட் மாறியபோது விட்டுப்போன சம்பளத்துக்கு மனு எழுத என்று தொழிலாளிகள் வருவார்கள். தெரிந்ததைச் செய்துகொடுப்பேன். அப்படி ஒருநாள் வந்தவர், உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஆபரேட்டராக வேலை பார்க்கும் பெண். மணவிலக்கு ஆகி ஒரு வருடம் முடிந்திருந்தது. மகளின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்திருந்தார். அட்வான்ஸ் கொடுக்க வங்கியில் கடன் கேட்டிருக்கிறார், இல்லை என்றுவிட்டார்கள்.

"சிபில் சரியில்லைன்னுட்டாங்க அண்ணா. நான் யார்கிட்டயும் கடனே வாங்கினதில்லையே" என்றார்.

அவருடைய கடன் அறிக்கையைச் செல்பேசியில் இறக்கி, அச்செடுத்துக் கையில் கொடுத்தேன். அதில் ஒரே ஒரு கடன் இருந்தது. சரக்கு வாகனக் கடன். கடனாளி வரிசையில் இவர் பெயருக்கு எதிரே 'கூட்டுக் கடனாளி' என்ற குறிப்பு. அதற்குக் கீழே மாதவாரியாகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று இலக்க எண். தவணை எத்தனை நாள் தாமதம் என்பதைச் சொல்லும் எண் அது. தாமதமே இல்லை என்றால் மூன்று சைபர். விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனார். 000, 000, 000. திடீரென்று 030. அடுத்த கட்டத்தில் 060. அதற்கடுத்ததில் 090-ஐத் தாண்டிவிட்டது.

விரலை அந்த 030-க்குத் திரும்பக் கொண்டுபோய்ச் சொன்னார்: "இது ஆடி மாசம். நான் பாப்பாவைத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்கு வந்தது ஆனி கடைசியில."

அந்தக் குடும்பம் உடைந்த நாளை மாதக்கணக்கு பிசகாமல் அந்தத் தாள் பதிந்து வைத்திருந்தது. ஆனால் அதைப் படிக்கிற வங்கிக்கு அது குடும்பம் உடைந்த நாளாகத் தெரியாது. ஒரு பெண் நேர்மை தவறிய நாளாகத்தான் தெரியும்.

கடன் வந்த கதையையும் சொன்னார். கணவர் கம்பெனிகளுக்குச் சரக்கு ஓட்டுகிறவர். சொந்தமாகக் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி எடுக்க ஆசைப்பட்டார். ஷோரூமிலேயே மேசை போட்டிருந்த நிதி நிறுவனத்து ஆள், கணவரின் வருமானத்துக்குத் தாள் ஏதும் இல்லை என்றதும், "வீட்டுல வேலைக்குப் போறாங்களா? பே ஸ்லிப் இருக்குமே?" என்று கேட்டிருக்கிறார். மனைவியின் மூன்று மாதச் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு விவரமும் போனதும் கடன் வந்துவிட்டது. வண்டி கணவர் பெயரில். ஓட்டியது கணவர். வாடகை வாங்கியது கணவர். மாதம் 12 ஆயிரத்துச் சொச்சம் டியூ. படிவத்தில் இருவருக்கும் நேரே எழுதியிருந்த செல்பேசி எண் கணவருடையது.

இந்தக் கடைசி விவரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தவணை தவறியதைக் கடன் தகவல் நிறுவனத்துக்கு அனுப்பும்போது கடனாளிக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்பவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் விதி போட்டது. நல்ல விதி. ஆனால் அந்தச் செய்தி யார் செல்பேசிக்குப் போயிருக்கும்? பிரிந்துபோன கணவர் செல்பேசிக்கு. வண்டியைத் தூக்கும் முன் வந்த நோட்டீஸ் பழைய வாடகை வீட்டுக்குப் போனது. ஏலம் விட்டார்கள், கடன் தொகைக்கு ஏல விலை எட்டவில்லை, பாக்கி நின்றது, கடைசியில் அந்தக் கணக்கைத் தள்ளுபடிக் கணக்காக எழுதிவிட்டார்கள். இவை எதுவுமே இவருக்குத் தெரியாது. தெரிந்த நாள், அட்வான்ஸுக்குக் கடன் கேட்டுப் போன நாள்தான்.

இப்போது அந்த முதல் வாசகத்துக்கு வருகிறேன். கையெழுத்துப் போட்டால் கட்டத்தான் வேண்டும் என்பது சட்டப்படி சரி. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதில் ஒளிவுமறைவு வைக்கவில்லை. கூட்டாகக் கடன் வாங்கியவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம் என்கிறது 43-ஆவது பிரிவு. ஜாமீன் கையெழுத்துப் போட்டவரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம் என்கிறது 128-ஆவது பிரிவு. ஒப்பந்தத்தை மாற்ற அதில் உள்ள எல்லாத் தரப்பும் ஒப்ப வேண்டும் என்கிறது 62-ஆவது பிரிவு. இந்தப் பெண்ணின் மணவிலக்கு மனுவில் 'வாகனக் கடனைக் கணவரே செலுத்துவார்' என்று ஒரு வரி இருந்தது. நீதிமன்றம் அதைப் பதிவு செய்து தீர்ப்பும் தந்தது. ஆனால் கடன் கொடுத்த நிறுவனம் அந்த வழக்கில் தரப்பே இல்லை. ஆகவே அந்த வரி அதைக் கட்டுப்படுத்தாது. இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. "கோர்ட்டே சொல்லிடுச்சு, இனி உனக்குச் சம்பந்தமில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஊரில் உலவும் தவறான எண்ணங்களில் மிக அதிகம் சேதம் செய்வது இதுதான் என்பேன்.

ஆக, கடன் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. வண்டி விற்று நின்ற பாக்கியை நிறுவனம் இருவரிடமும் கேட்கட்டும். வழக்குப் போடட்டும். அந்தப் பணம் ஏதோ ஒரு சேமிப்பாளருடைய பணம் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் கடன் ஒன்று, பெயர் இன்னொன்று. கடன் என்பது நடந்துபோன ஓர் ஒப்பந்தத்தின் பாக்கி. ஊர் சிபில் என்று சொல்கிற ஸ்கோர் என்பது நாளைக்கு இந்த ஆள் எப்படி நடந்துகொள்வார் என்று மற்ற வங்கிகளுக்குச் சொல்லப்படும் சாட்சியம். 300-க்கும் 900-க்கும் நடுவே ஓர் எண்ணாக அந்தச் சாட்சியம் போகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதால் பாக்கியைக் கேட்கும் உரிமை வருகிறது, சரி. பொய்ச் சாட்சி சொல்லும் உரிமை எங்கிருந்து வருகிறது? தன் பெயரில் ஒரு தவணையும் தவறாத பெண்ணை, தவணை தவறுகிறவள் என்று ஊரிலுள்ள அத்தனை வங்கிக்கும் சொல்வது எனக்குப் பொய்ச் சாட்சியாகத்தான் தெரிகிறது. அவர் தவறவிட்டது தவணையை இல்லை, ஒரு திருமணத்தை.

"ஸ்கோர் யாரையும் குற்றம் சொல்லவில்லை, நடந்ததைத்தான் பதிகிறது" என்பார்கள். நடந்தது முழுவதையும் பதிந்தால் எனக்கு மறுப்பில்லை. வண்டி யாரிடம் இருந்தது, வருமானம் யாருக்குப் போனது, எந்தத் தேதியில் இருவரும் பிரிந்தார்கள், எந்தத் தேதியில் நீதிமன்றம் கணவரைக் கட்டச் சொன்னது, இதில் ஒன்றாவது அந்தத் தாளில் இருக்கிறதா? தவறிய நாள்களின் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது. நடந்ததில் பாதியை மறைத்துவிட்டு மீதியைச் சொல்வது எப்படி உண்மையாகும்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த வட்டாரத்தின் வரலாறு இதில் கலந்திருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு 1996-இல் அடிக்கல் நாட்டிய நாளிலிருந்து, 2006-இல் நோக்கியா கைப்பேசி செய்யத் தொடங்கியது, 2007-இல் சாம்சங், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், பிறகு டைம்லர், ராயல் என்ஃபீல்டு, இவற்றோடு ஃபாக்ஸ்கான் என்று முப்பது ஆண்டில் இந்த மண்ணில் நடந்த பெரிய மாற்றம் ஒன்று உண்டு. பெண்ணின் கைக்குச் சம்பளச் சீட்டு வந்தது. அதுவரை நாற்று நட்டும் களை பறித்தும் கூலியை முந்தானையில் முடிந்த குடும்பங்களின் பெண்கள், வங்கிக் கணக்கும் பி.எஃப். எண்ணும் உள்ளவர்கள் ஆனார்கள். அதே வீட்டு ஆண்களில் பலர் வேன் ஓட்டுகிறவர்களாகவும், கம்பெனிகளுக்குக் கார் விடுகிறவர்களாகவும், காண்ட்ராக்டில் வருவதும் போவதுமாகவும் இருந்தார்கள். நாள் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் தாள் கிடையாது. கடன் கொடுக்கிறவர்களுக்கு வேண்டியது தாள். ஆகவே ஆணின் கடனுக்குப் பெண்ணின் சம்பளச் சீட்டு அடகாகப் போனது.

இதைத்தான் அந்த முதல் வாசகம் மறைக்கிறது. அந்தப் பெண் வெறும் பெயருக்குக் கையெழுத்துப் போட்டவர் இல்லை. அவருடைய நல்ல பெயரைக் காட்டித்தான் அந்தக் கடனே பிறந்தது. ஏழு வருடம் ஷிப்ட் தவறாமல் போனதில் சேர்ந்த நம்பகத்தை நிறுவனம் மதிப்பிட்டது, பயன்படுத்தியது, வட்டி வாங்கியது. குடும்பம் முறிந்ததும் அதே நம்பகத்தை அழித்துவிட்டு, "ஒழுங்கில்லாதவர்" என்று ஊருக்கு அறிவித்தது. நகையை அடகு பிடித்தவர், கடன் தவறினால் நகையை விற்கலாம். நகைக்காரியைக் கள்ளி என்று சொல்ல முடியாது.

அந்தச் சம்பளச் சீட்டும் நிரந்தரம் இல்லை என்பதை இந்த ஊர் பட்டுத் தெரிந்துகொண்டது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி நோக்கியா ஆலை மூடப்படுவதற்குள் ஆயிரக்கணக்கானவர்களின் சீட்டு செல்லாததாகியிருந்தது. அவர்களில் பெரும்பாலானோர் இளம்பெண்கள். வேலை போனாலும் பழைய கையெழுத்து மட்டும் அப்படியே நிற்கும்.

இரண்டாவது வாசகத்துக்கு வருகிறேன். "ஒழுங்காகக் கட்டிவந்தால் ஸ்கோர் தானாக ஏறும்." யூடியூபில் நிதி ஆலோசனை சொல்கிறவர்கள் இதைத்தான் விரித்துச் சொல்கிறார்கள். வங்கியில் வைப்புத்தொகை போட்டு, அதன்மேல் ஒரு கிரெடிட் கார்டு வாங்கு. மாதாமாதம் கொஞ்சம் செலவழித்து முழுதாகக் கட்டு. சின்னதாக ஒரு நகைக் கடன் எடுத்து நேரத்துக்கு மீட்டுவிடு. பொறுமையாக இரு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தன் தவறால், தன் கடனை, தானே தவறவிட்ட ஒருவருக்கு இது பயன்படும். நான் பேசுகிற பெண்ணுக்குப் பயன்படாது. முதலில், வைப்புத்தொகை போடப் பணம் இருந்தால் அவர் அட்வான்ஸுக்கு வங்கி வாசலில் நின்றிருக்க மாட்டார். நகைக் கடன் எடுக்க நகை வேண்டும், அந்த நகை பெரும்பாலும் கணவர் பெயரில் ஏற்கெனவே அடகில் இருக்கும். மனைவிக்குப் போட்ட நகையும் சீதனமும் அவளுக்கே முழு உரிமை, கணவருக்கு அதில் பங்கில்லை என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் பிரதிபா ராணி வழக்கிலும், மீண்டும் 2024 ஏப்ரலிலும் உறுதியாகச் சொல்லிவிட்டது. ஆனால் அடகுச் சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் மீட்க முடியும்.

அதைவிட முக்கியம், பழைய கூட்டுக் கடன் இன்னும் திறந்தே கிடக்கும்போது புதிய ஒழுங்கெல்லாம் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீர். ஒரு பக்கம் இவர் முந்நூறு ரூபாய் கார்டு பில்லைத் தேதி தவறாமல் கட்டுவார். மறுபக்கம் அதே அறிக்கையில், தாம் தொடவே இல்லாத வண்டிக்கு ஒவ்வொரு மாதமும் இன்னொரு தவறிய கட்டம் ஏறும். தவணை 90 நாள் தவறினால் அந்தக் கடன் வாராக்கடன் வகைக்குப் போய்விடும். கடன் தகவல்களைக் குறைந்தது ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அவருடைய பாப்பா ஆறாம் வகுப்பில் சேர்ந்து பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற காலம் அது. அதுவரை பொறுமையாக இரு என்று சொல்வதற்குப் பெயர் ஆலோசனையா?

பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டி முடித்துக்கொள்ளலாமே என்பார்கள். வசூல்காரர்களும் அதைத்தான் ஆசை காட்டுவார்கள்: "பாதி கட்டுங்க மேடம், குளோஸ் பண்ணிடலாம்." பாதி கட்டினால் கணக்கு 'முடிந்தது' என்று ஆகாது, 'செட்டில்டு' என்றுதான் ஏறும். அடுத்த வங்கி அதைப் படித்துவிட்டு, முழுதாகக் கட்டாதவர் என்றுதான் எடுத்துக்கொள்ளும். கடன் வாங்காதவர், பிறர் கடனில் பாதியைக் கட்டிய பிறகும், கட்டாதவர். ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு "சிபிலைக் கிளீன் பண்ணித் தர்றோம்" என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் எண் ஒட்டியிருப்பவர்களைப் பற்றி ஒரே வார்த்தை: கொடுக்காதீர்கள். சரியாகப் பதிந்த தகவலை எவராலும் அழிக்க முடியாது. தவறாகப் பதிந்ததைத் திருத்தக் காசே வேண்டாம்.

இது வெறும் கடன் விவகாரம்தானே, வாங்காமல் இருந்துவிட்டால் போகிறது என்பவர்களும் உண்டு. இந்த வட்டாரத்தில் கடன் இல்லாமல் இருப்பது என்றால் வங்கிக் கடன் இல்லாமல் இருப்பது என்றுதான் பொருள். பள்ளிக் கட்டணம், அட்வான்ஸ், அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்று தேவை வந்து நிற்கும்போது வங்கி மூடிய கதவுக்கு நேரெதிரே வட்டிக்கு விடுகிறவரின் கதவு திறந்திருக்கும். நூற்றுக்கு மாதம் ஐந்து, சில இடங்களில் பத்து. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் அரசு திறந்தது பெரிய காரியம். ஆனால் விடுதிப் படுக்கை தனியாளுக்கு. குழந்தையோடு வெளியே வருகிறவருக்கு வாடகை வீடுதான் வேண்டும், வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் வேண்டும். இப்போது வேலைக்கே இந்தத் தாள் குறுக்கே வருகிறது. கடன் வரலாறு சரியில்லை என்று பாரத ஸ்டேட் வங்கி ஒருவரின் பணி நியமனத்தை ரத்து செய்தது சரிதான் என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் மணவிலக்கு இல்லை. ஆனாலும் அந்தத் தாளின் நிழல் எவ்வளவு தூரம் விழுகிறது என்பதை அது காட்டிவிட்டது.

மணவிலக்கு ஆகும் வரையிலான இடைப்பட்ட காலத்தில் நடப்பது இன்னும் மோசம். குழுக் கடன் கேட்டுப் போனால் கணவரின் ஆதாரைக் கேட்பார்கள். 2022 ஏப்ரலில் நடப்புக்கு வந்த ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிகள், குடும்பம் என்றால் கணவர், மனைவி, மணமாகாத பிள்ளைகள் என்று வரையறுக்கின்றன. குடும்ப மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக்கூடாது என்பதும் விதி. கந்துவட்டி போலக் கடன்மேல் கடன் குவியாமல் இருக்க வந்த பாதுகாப்பு அது, அதன் நோக்கத்தில் குறையில்லை. ஆனால் மூன்று வருடமாகப் பிரிந்து வாழ்ந்து, தீர்ப்புக்காகக் காத்திருக்கிற பெண், காகிதத்தில் இன்னும் அதே குடும்பம். கணவருடைய தவணைகளும் அவர் கணக்கில்தான் ஏறும்.

எதிர்ப்பக்கத்தில் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதைத் தாண்டிப் போக எனக்கு விருப்பமில்லை. மணவிலக்கைக் காரணம் காட்டிப் பெயரை விடுவித்தால், கடனிலிருந்து தப்பப் போலி மணவிலக்கு வாங்க மாட்டார்களா? நான் கேட்பது கடனை ரத்து செய்ய வேண்டும் என்று இல்லை. இருவர் மீதும் உள்ள வசூல் உரிமை அப்படியே இருக்கட்டும். பிரிந்ததை எழுத்தில் அறிவித்த தேதிக்குப் பிறகு விழுந்த தாமதத்தை, வண்டியையும் வருமானத்தையும் வைத்திருந்தவர் பெயரில் மட்டும் பதியுங்கள் என்றுதான் கேட்கிறேன். இதில் போலி மணவிலக்கு வாங்கி யாருக்கு என்ன லாபம்? ஒருவரின் பெயர் எப்படியும் கெடும், கடனும் நிற்கும். இந்த ஒரு பதிவுக்காக நீதிமன்றப் படியேறி, உறவினர் முன்னால் நின்று, ஒரு திருமணத்தை முடித்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்படிக் கேட்பது உலகில் இல்லாத ஒன்றையும் கேட்பதாகாது. பிரிட்டனில் கூட்டுக் கணக்கு முடிந்த தம்பதி, தங்கள் இருவரின் நிதித் தொடர்பு அறுந்துவிட்டது என்று கடன் தகவல் நிறுவனங்களிடம் மனுக் கொடுத்துப் பதியலாம். அமெரிக்காவில் 1974-இலேயே, மணநிலையைக் காட்டிக் கடனில் பாகுபாடு செய்யக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. அதன் கீழ் வந்த விதி இன்னொரு படி மேலே போகிறது. 'இந்தக் கடன் வரலாறு என் நம்பகத்தைச் சரியாகக் காட்டவில்லை' என்று விண்ணப்பதாரர் ஆதாரம் கொடுத்தால் கடன் கொடுப்பவர் அதைப் பரிசீலித்தே ஆகவேண்டும். அந்தச் சுங்குவார்சத்திரத்துப் பெண்ணிடம் ஆதாரம் கை நிறைய இருந்தது: தீர்ப்பு நகல், ஏழு வருடச் சம்பளச் சீட்டு, வாடகை தவறாமல் கொடுத்ததற்கு வீட்டுக்காரரின் கையொப்பம். அவற்றை யாரிடம் கொடுப்பது? நம் 2005-ஆம் ஆண்டுக் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தில் திருமணம் முறிந்தவர்களுக்கென்று ஒரு வாசலும் வைக்கப்படவில்லை.

நம் நாட்டிலும் இந்தச் சுவரில் விரிசல் விழாமல் இல்லை. குறைந்த ஸ்கோரைக் காட்டி மாணவருக்குக் கல்விக் கடன் மறுக்கக்கூடாது என்று கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பி.வி.குஞ்ஞிகிருஷ்ணன் 2023-இல் தீர்ப்பளித்தார். முதன்முதலாகக் கடன் கேட்பவரைக் கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக்கூடாது என்று 2025 ஆகஸ்டில் ஒன்றிய நிதி அமைச்சகம் நாடாளுமன்றத்திலேயே சொன்னது. வரலாறு இல்லாதது குற்றமில்லை என்று ஏற்றுக்கொண்டவர்கள், பிறருடைய வரலாறு ஒருவர் தலையில் விழுந்ததும் குற்றமில்லை என்று ஏற்றுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

அதுவரை என்ன செய்வது? கையில் இருக்கிற கருவிகளைப் பயன்படுத்துவதுதான். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் உண்டு. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். தவறு இருந்தால் புகார் கொடுக்கலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்பது 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நம் பெண்ணின் அறிக்கையிலும் ஒரு தவறு இருந்தது. வண்டி ஏலத் தொகையைக் கழிக்காமலே முழுப் பாக்கியைக் காட்டியிருந்தார்கள். அதைத் திருத்தினோம். பாக்கி பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் ஆடியிலிருந்து விழுந்த கட்டங்கள் அப்படியேதான் இருக்கின்றன.

வீட்டை விட்டு வெளியே வருகிற நாளிலேயே, போலீசுக்கும் வக்கீலுக்கும் போவதற்கு முன்போ பின்போ, கடன் கொடுத்த நிறுவனத்துக்குத் தன் புதிய முகவரியையும் தன் சொந்தச் செல்பேசி எண்ணையும் எழுத்தில் கொடுத்துப் பதிவுத் தபால் சீட்டை வைத்துக்கொள்ள வேண்டும். கணவர் தனியாகக் கடனைத் தாங்க முடியுமா என்று கேட்டால் நிறுவனம் முடியாது என்றுதான் சொல்லும். அவர் தனியாகத் தாங்க முடியாததால்தானே மனைவியின் சீட்டைக் கேட்டார்கள். ஆகவே வண்டிக்கு விலை இருக்கும்போதே, தவணை தவறும் முன்பே, அதை விற்றுக் கடனை அடைக்க வைப்பது ஒன்றுதான் வழி. குட்டியானை ஒவ்வொரு மாதமும் விலை இறங்கிக்கொண்டே இருக்கும், வட்டி இறங்காது.

இதற்கு நேரம் இருக்கிறதா என்றால், சட்டமே தந்திருக்கிறது. இந்துத் திருமணச் சட்டம் 13பி பிரிவில், இருவரும் சம்மதித்து மனுப் போட்டால் முதல் மனுவுக்கும் இரண்டாவதற்கும் நடுவே ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். மனம் மாறுவதற்கு என்று வைத்த காலம் அது. தேவையானால் நீதிமன்றம் அதைக் குறைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. குறைக்காத இடத்தில் அந்த ஆறு மாதம் சும்மா கழிகிறது. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்தையும் கடனையும் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு சொல்லிவிட்டது. சம்மத மனுக்களிலும் இதே பழக்கத்தைக் கொண்டுவந்து, இருவரின் கடன் அறிக்கைகளையும் கூடவே இணைக்கச் சொன்னால், கூட்டுக் கடன் எது என்று நீதிபதிக்கு முதல் நாளே தெரிந்துவிடும். கூட்டுக் கடனை மூடிய சான்று வந்தால்தான் இரண்டாவது மனு என்று இருவரும் எழுதிக்கொள்ள எந்தப் புதுச் சட்டமும் வேண்டாம்.

ஸ்ரீபெரும்புதூரிலும் காஞ்சிபுரத்திலும் இந்த வழக்குகளை நடத்துகிற வழக்கறிஞர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. சம்மத மனுவில் அந்தப் பெண்ணிடம் கையெழுத்து வாங்கும் முன், அவர் ஏற்கெனவே எங்கெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று கேளுங்கள். "கடனைக் கணவர் கட்டுவார்" என்ற ஒரு வரியோடு அவரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். எந்த நிறுவனத்தின் கடன், என்ன கணக்கு எண், எந்தத் தேதிக்குள் மூடவேண்டும், மூடாவிட்டால் என்ன என்று எழுதுங்கள். ஒரு பக்கம் கூடுதலாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.